மொட்டை மாடிக்கும் ஓர் அளவுப் புத்தகம்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது பழமொழி. கட்டி முடித்த வீட்டின் மாடி ஒழுகினால் படும் பாட்டை அது சொல்லவில்லை. அல்வாலில் என் வீட்டு மொட்டை மாடியில் நான் கற்ற பாடம் நம் சங்கக் குடும்பங்களுக்கும் உதவும் என்று இதை எழுதுகிறேன். ஓய்வு பெற்ற பின் அல்வால், லோத்துகுண்டா, பொலாரம் பக்கம் சொந்த வீடு கட்டிக்கொண்ட நம்மவர் பலர். அந்த வீடுகளுக்கெல்லாம் இப்போது மராமத்து வயது.

2022 மே மாதம், 1,000 சதுர அடி மாடிக்குச் செங்கல் ஜல்லித் தளம் போட்டு, மேலே ஓடு பதிக்க ஒரு காண்டிராக்டரிடம் 1,40,000 ரூபாய்க்குப் பேசினேன். பேச்சு வாய்மொழிதான். "பத்து வருஷம் கியாரண்டி சார்" என்றார். வேலை முடிந்த அன்றே மீதிப் பணத்தைக் கொடுத்து, "வேலை திருப்தி" என்று அவர் எழுதி வந்த சீட்டில் கையெழுத்தும் போட்டேன். ஜூலையில் அடைமழை பிடித்தது. மூன்றாம் நாள் பின் அறையின் கூரையில் ஓதம் தெரிந்தது. ஐந்தாம் நாள் கட்டில்மேல் சொட்டியது.

மாடி ஏறிப் பார்த்தேன். ஒரு மூலையில் தண்ணீர் குளமாக நின்றது. லெவல் டியூபை எடுத்து அளந்தேன். மொட்டை மாடிக்கு 100 அடிக்கு 1 அடியாவது வாட்டம் வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பால பாடம். அந்தக் கணக்கில் 30 அடி நீளத்துக்கு 3.6 அங்குலம் இறங்க வேண்டும். இருந்தது ஓர் அங்குலம். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடத்தில் கலவையை வளைத்துப் பூசி மூட வேண்டும். அதுவும் இல்லை. தண்ணீர் கட்டி ஊற வைத்தது மூன்றே நாள். காங்கிரீட்டுக்கான இந்தியத் தரக் குறியீடு 456, சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாளும், கலப்புச் சிமெண்டுக்கும் வறண்ட வெயில் காலத்துக்கும் 10 நாளும் நீராற்ற வேண்டும் என்கிறது. எங்கள் ஊர் மே வெயிலில் மூன்று நாள் எந்த மூலைக்கு?

காண்டிராக்டர் முதலில், "ஒரு மழை போனால் அதுவே அடைபட்டுவிடும்" என்றார். பிறகு போனை எடுப்பதில்லை. என் மனைவி கேட்ட கேள்விதான் சுருக்கென்று தைத்தது. "ரயில் பாலத்துக்கெல்லாம் அளவுப் புத்தகம் வைத்து ஒப்பேற்றினீர்களே, நம் வீட்டு மாடிக்கு ஒரு துண்டுச் சீட்டாவது வைத்தீர்களா?"

ரயில்வேயில் அளந்து புத்தகத்தில் பதியாத வேலைக்குப் பணம் கிடையாது. பராமரிப்புக் காலம் முடியும் வரை காண்டிராக்டரின் வைப்புத் தொகையும் எங்கள் கையில் இருக்கும். அது யாரையும் அவமதிக்கும் ஏற்பாடு அல்ல. மண்ணுக்கும் சிமெண்டுக்கும் அடியில் மறைந்துவிடும் வேலையைப் பின்னால் யாராலும் பார்க்க முடியாது என்பதால் வந்த ஏற்பாடு. சொந்த வீட்டில் அதை மறந்தது என் தவறு.

இனிச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, வீடு கட்டுவது "சேவை"யா என்பதில் வழக்காடினார்கள். லக்னோ வளர்ச்சி ஆணையத்திடம் முழுப் பணமும் கட்டிய எம். கே. குப்தா என்பவருக்கு வேலை முடியாததால் வீடு கைக்கு வரவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1993 நவம்பர் 5 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங், ஆர். எம். சகாய் ஆகியோர், வீடு கட்டித் தருவதும் சேவையே, அதில் குறை இருந்தால் நுகர்வோர் மன்றம் விசாரிக்கலாம் என்று தீர்ப்பளித்தார்கள். அதே ஆண்டு சட்டத் திருத்தமும் "வீட்டுக் கட்டுமானம்" என்ற சொல்லைச் சேவையின் இலக்கணத்திலேயே சேர்த்தது. 2020 ஜூலை முதல் நடப்பில் உள்ள 2019ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது இருக்கிறது.

நமக்கு வேண்டிய அம்சங்கள் இவை. குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் நாமே பேசலாம். ஆலோசனைக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஒன்றை மட்டும் கவனியுங்கள். வேலையைப் பொறுப்பேற்றுச் செய்யும் காண்டிராக்டருக்கே இது பொருந்தும். நாம் மேஸ்திரி போல் நின்று தினக்கூலிக்கு ஆள் வைத்து வேலை வாங்கினால், அது தனிப்பட்ட வேலை ஒப்பந்தம் ஆகிவிடும். அதைச் சட்டம் சேவையில் சேர்க்கவில்லை.

என் கதைக்கு வருகிறேன். அளவுகள், தேதி போட்ட புகைப்படங்கள், பணம் கொடுத்த வங்கிக் கணக்கு நகல் எல்லாம் வைத்துப் பதிவுத் தபாலில் 15 நாள் கெடுவுடன் கடிதம் அனுப்பினேன். கெடு முடிந்தால் ஆணையத்துக்குப் போவேன் என்றும் எழுதினேன். ஆள் வந்துவிட்டார். ஆனால் நான் கையெழுத்திட்ட "வேலை திருப்தி" சீட்டும் அவர் சட்டைப் பையில் வந்தது. அதைப் பார்த்த பிறகு என் குரல் இறங்கியது. கடைசியில் 40,000 ரூபாய் திரும்பியது. வேறொரு கொத்தனாரை வைத்து அந்தப் பக்கத்துத் தளத்தைப் பெயர்த்துப் போட 62,000 ஆனது. மிச்சம் 22,000 ரூபாய் எனக்குப் படிப்புச் செலவு.

அந்தச் செலவு உங்களுக்கு வராமலிருக்கச் சில யோசனைகள்:

1. எவ்வளவு சிறிய வேலையானாலும் ஒப்பந்தத்தை எழுதுங்கள். "நல்ல வேலை", "முதல் தரம்" என்ற சொற்களால் பயனில்லை. தளத்தின் கனம், வாட்டம், சிமெண்டின் வகை, நீராற்றும் நாட்கள் ஆகியவற்றை எண்ணில் எழுதுங்கள். எண்ணை அளக்கலாம், "நல்ல" என்பதை அளக்க முடியாது.

2. பணத்தை நான்கு தவணையாகப் பிரியுங்கள். கடைசித் தவணை ஒரு மழைக்காலம் கழித்துத்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் நேர்மையான ஆள் இதற்குச் சம்மதிப்பார்.

3. ஓடு பதிக்கும் முன் மழைநீர்க் குழாயை அடைத்து, இரண்டு அங்குலத் தண்ணீரை 48 மணி நேரம் நிறுத்துங்கள். கீழே கூரையைப் பாருங்கள். பிறகு குழாயைத் திறந்து, தண்ணீர் எங்கும் தேங்காமல் போகிறதா என்றும் பாருங்கள்.

4. மறையப் போகும் ஒவ்வொரு நிலையையும் அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுங்கள். தேதியுடன் ஒரு நோட்டில் குறியுங்கள். அதுதான் உங்கள் அளவுப் புத்தகம்.

5. சோதனை முடியும் முன் "திருப்தி" என்று எதிலும் கையெழுத்திடாதீர்கள். பணம் கொடுத்ததற்கு மட்டும் ரசீது வாங்குங்கள்.

6. இங்கே தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கும். ஐப்பசி மழையை எண்ணி வேலையைத் தள்ளிப் போடுவது நம் ஊர்ப் பழக்கம். அது இங்கே உதவாது. மாசி, பங்குனியில் முடித்துவிடுங்கள்.

காண்டிராக்டர் எல்லோரும் கெட்டவர் அல்லர். என் தளத்தைச் சரி செய்த கொத்தனாரிடம் எழுத்தைக் காட்டியபோது அவர் சந்தோஷப்பட்டார். "எழுதி வைத்தால் பின்னால் என்னையும் யாரும் ஏச முடியாதே சார்" என்றார். எழுத்து இரு தரப்புக்கும் காவல். அடுத்த மழைக்கு முன் உங்கள் மாடிக்கு ஒரு முறை ஏறிப் பாருங்கள். போகும்போது ஒரு நோட்டும் பென்சிலும் கையில் இருக்கட்டும்.