பள்ளி திறந்துவிட்டது: சிறு வகுப்புகளில் நம் பிள்ளைகள் என்ன கற்கிறார்கள்?

கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்துவிட்டன. சீருடை தைப்பது, பை வாங்குவது, நோட்டுகளுக்கு அட்டை போடுவது என்று வீடுகளில் இருந்த பரபரப்பு கொஞ்சம் அடங்கியிருக்கும். இந்த நாட்களில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மார்களிடம் அடிக்கடி கேட்கிற பேச்சு ஒன்று உண்டு: "ஸ்கூல் திறந்து ரெண்டு வாரமாச்சு, நோட்டுல ஒரு பக்கம்கூட எழுதல. பாட்டு, படம், விளையாட்டுன்னுதான் போகுது."

பிள்ளை படிக்க வேண்டுமே என்ற அக்கறையில் வரும் கவலைதான் இது. ஆனால் நோட்டில் நிரம்பிய பக்கங்களை எண்ணிப் பார்த்தால் பிள்ளையின் படிப்பு தெரிந்துவிடாது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் தொடக்க வகுப்புகள் இப்போது எப்படி நடக்கின்றன, அதில் நமக்கு என்ன வேலை இருக்கிறது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

அரும்பு, மொட்டு, மலர்

2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் தமிழக அரசு 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் எழுத்தறியாமலேயே மேல் வகுப்புக்குப் போய்விட்ட பிள்ளைகளின் குறையைப் போக்கவும், எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பிழையின்றி எழுதப் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பதற்காகவும் வந்த திட்டம் அது. முதலில் 1 முதல் 3 வகுப்புகளுக்கு வந்தது. அடுத்த கல்வியாண்டில் 4, 5 வகுப்புகளுக்கும் விரிந்தது.

இந்த முறையில் பிள்ளைக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று ஆசிரியர் முதலில் பார்க்கிறார். அதை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரித்துப் பயிற்சி தருகிறார். எழுத்துகளை அடையாளம் காணப் பழகுகிற பிள்ளை அரும்பு நிலையில் இருக்கும். சொற்களையும் சிறு தொடர்களையும் படிக்கத் தொடங்கிய பிள்ளை மொட்டு. தன் வகுப்புப் பாடத்தைப் படிக்கக்கூடிய பிள்ளை மலர்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பு நிலையில் இருப்பதாக ஆசிரியர் சொன்னால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுத் திட்டவும் வேண்டாம். காய்ச்சல் எவ்வளவு என்று தெரிந்தால்தானே மருந்து கொடுக்க முடியும்? நிலை தெரிந்துவிட்டது என்பதே நல்ல செய்தி.

தமிழ் வகுப்பில் நடப்பது

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. மொத்தம் 247. கேட்டாலே மலைப்பாக இருக்கும். ஆனால் பிள்ளை 247 உருவங்களையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. 'கா' என்பதில் உள்ள துணைக்கால் புரிந்துவிட்டால் 'மா', 'பா', 'வா' எல்லாம் தானாக வந்துவிடும். அதனால்தான் ஆசிரியர் எழுத்தை எழுதச் சொல்வதற்கு முன் பாட்டிலும் கதையிலும் அந்த ஒலியைக் காதில் விழச் செய்கிறார். ஒலி மனதில் பதிந்த பிறகு உருவம் காட்டினால் பிள்ளை பிடித்துக்கொள்ளும். வகுப்பில் பாடுகிற பாட்டும் படிப்புதான்.

எங்கே தடுமாறும் என்பதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். கு, சு, து, பு, மு என்ற உகர வரிசையில் அடையாளம் ஒன்றுபோல் இருக்காது, எழுத்துக்கு எழுத்து மாறும். 'கடல்', 'பகல்', 'தங்கம்' மூன்றிலும் ஒரே 'க'தான், ஆனால் ஒலி மூன்று விதம். ல, ள, ழ குழப்பம் பெரியவர்களுக்கே உண்டு. இந்த இடங்களில் பிள்ளை நின்று யோசித்தால் அது மந்தம் அல்ல. அந்த இடம் கடினமானது, அவ்வளவுதான்.

நம் வீட்டுப் பேச்சும் இதில் உதவும். பாடப்புத்தகத்தில் அம்மா, அப்பா என்றிருக்கும். நம் பிள்ளை வீட்டில் உம்மா, வாப்பா என்றோ, அத்தா என்றோ அழைக்கும். புத்தகத்தில் குழம்பு, சில ஊர்களில் நம் அடுப்பில் ஆணம். வீட்டுச் சொல் தப்பு என்று பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள். 'உ' என்றால் உம்மா, 'வா' என்றால் வாப்பா, 'ஆ' என்றால் ஆணம் என்று சொல்லிக்கொடுத்தால் எழுத்து உடனே ஒட்டிக்கொள்ளும். புத்தகச் சொல் இரண்டாவதாக வந்து சேரட்டும்.

ஆம்பூர், வாணியம்பாடி போன்ற ஊர்களில் உருது பேசும் குடும்பங்கள் நிறைய உண்டு. அங்கே சில பிள்ளைகள் பள்ளிக்கு வந்த பிறகுதான் தமிழை அதிகம் கேட்கின்றன. அதற்காக வீட்டில் உருதுவை நிறுத்த வேண்டியதில்லை. நன்னி சொல்லும் கதையைக் கேட்டு, அதில் யார், எங்கே, ஏன் என்று பதில் சொல்லப் பழகிய பிள்ளை எந்த மொழியிலும் அதைச் செய்யும். அதோடு வீட்டுப் பொருட்களின் தமிழ்ப் பெயர்களையும் தினம் நான்கைந்தாகச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

மக்தபும் பள்ளியும்

நம் பிள்ளைகள் மூன்று எழுத்து முறைகளை ஒரே வயதில் தொடங்குகிறார்கள். பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் இடமிருந்து வலம். மக்தபில் அரபி வலமிருந்து இடம். 'சின்னப் பிள்ளைக்கு இது பாரம் இல்லையா, குழம்பிவிடாதா' என்று சிலர் கேட்கிறார்கள். முறையாகச் சொல்லிக்கொடுத்தால் ஒன்று மற்றொன்றுக்குத் துணையாகவே இருக்கும்.

அரபியில் பே, தே, ஸே மூன்றுக்கும் உடல் ஒன்று, புள்ளிதான் வேறு. தமிழில் 'ம' மேல் புள்ளி வைத்தால் 'ம்' ஆகிவிடும். புள்ளியைக் கவனிக்கும் பழக்கம் இரண்டு இடத்திலும் வேண்டும். அரபியில் ஸபர், ஸேர், பேஷ் போட்டால் எழுத்தின் ஓசை மாறுகிறது. தமிழில் துணைக்காலும் கொம்பும் செய்வதும் அதே வேலைதான். தமிழ்ப் புள்ளி உயிரோசையை நீக்குவது போல அரபியில் ஸுகூன் நீக்குகிறது. உஸ்தாதும் ஆசிரியரும் தனித்தனியே சொல்வதை வீட்டில் இப்படி இணைத்துக் காட்டலாம்.

தொடக்கத்தில் பிள்ளை சில எழுத்துகளையும் எண்களையும் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பிப் போடலாம். இந்த வயதில் இது பல பிள்ளைகளிடமும் காணப்படுவதுதான், மக்தப் போகாத பிள்ளைகளும் செய்வார்கள். அதட்ட வேண்டாம், அருகில் சரியாக எழுதிக் காட்டுங்கள். ஏழெட்டு வயதைத் தாண்டியும் தொடர்ந்தால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். கரும்பலகை தெரியாமல் கண்ணைச் சுருக்கினாலோ, கூப்பிட்டால் திரும்பாவிட்டாலோ கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நேர விஷயத்தில்தான் கவனம் தேவை. ஃபஜ்ருக்குப் பின் மக்தப் நடக்கும் ஊர்களில் பிள்ளை அங்கிருந்து பள்ளிக்கு ஓடும்போது பசியாற நேரம் இருக்காது. அரசு தொடக்கப் பள்ளிகளில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் நடக்கிறது. 2024 ஜூலையில் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிவானது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடாகக் கொடுக்கிறார்கள். ஆனால் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே பரிமாறி முடிந்துவிடும். ஆகவே மக்தப் விடும் நேரத்தைப் பள்ளி நேரத்தோடு பொருத்திக்கொள்ள ஜமாஅத் நிர்வாகிகளும் உஸ்தாதும் பெற்றோரும் சேர்ந்து பேச வேண்டும். பசித்த வயிற்றோடு உட்காரும் பிள்ளைக்கு மூன்று எழுத்தில் ஒன்றும் ஏறாது.

கணக்கு

"என் மகன் நூறு வரை சொல்வான்" என்று பெருமைப்படுகிறோம். பாட்டாகச் சொல்வது வேறு, எண்ணுவது வேறு. அவனிடம் "17 புளியங்கொட்டை எடுத்துக் கொடு" என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி, பதினேழில் நிறுத்தத் தெரிந்தால் எண் புரிந்திருக்கிறது. பள்ளியில் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்ட வைப்பது இதற்குத்தான். ஒரு கட்டும் ஏழு உதிரியும் பதினேழு என்று கையால் உணர்ந்த பிள்ளைக்குப் பின்னால் கூட்டலும் கழித்தலும் எளிதாகும்.

தமிழ் எண்ணுப் பெயர்களில் எண்பத்தொன்பதுக்குப் பிறகு 'ஒன்பது' மறைந்து 'தொண்ணூறு' வந்துவிடும். பல பிள்ளைகள் அந்த இடத்தில் சறுக்குவார்கள். சிரிக்காமல் திருத்துங்கள். கடைக்கு அனுப்பும்போது மீதிச் சில்லறையை எண்ணி வாங்கச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஒன்றாகத் தட்டு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இவை காசில்லாத டியூஷன்.

மூன்றாம் வகுப்பு ஏன் முக்கியம்?

ஒன்றிலும் இரண்டிலும் பிள்ளை படிக்கக் கற்றுக்கொள்கிறது. மூன்றிலிருந்து படித்துக் கற்றுக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு வகுப்புகளில் சூழ்நிலையியல் என்ற ஒரே பாடத்தில் குடும்பம், செடி, விலங்கு, தண்ணீர் என்று பேச்சும் படமுமாகப் போகும். மூன்றில் அறிவியல், சமூக அறிவியல் என்று தனிப் பாடங்கள் வந்துவிடும். கணக்கும் வாக்கியமாகவே வரும். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குத் தமிழ் மட்டுமல்ல, எல்லாப் பாடமும் ஒரே நாளில் மூடிக்கொள்ளும். அது அழாது, புகார் சொல்லாது. கடைசி வரிசையில் அமைதியாக உட்கார்ந்துவிடும்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் தோல்வி என்று நிறுத்துவதில்லை. சிறு பிள்ளையின் மனம் உடையாமல் பள்ளியில் நீடிக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் 'பாஸ்' என்ற சொல்லை நம்பி நாம் இருந்துவிட்டால், பையன் ஒன்பதாம் வகுப்பில் திணறும்போதுதான் நமக்குத் தெரியவரும். அப்போது "படிப்பு ஏறவில்லை, கடைக்கு அனுப்பிவிடலாம்" என்ற பேச்சு தொடங்குகிறது. பெண் பிள்ளையாக இருந்தால் வேறு பேச்சு தொடங்குகிறது. இந்தப் பேச்சுகளின் வேர் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் வகுப்பில் யாரும் கவனிக்காமல் விட்ட வாசிப்பில்தான் இருக்கிறது.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

முதலாவது, போன வருடத் தமிழ்ப் புத்தகத்தை எடுத்து, பிள்ளை மனப்பாடம் செய்யாத ஒரு பக்கத்தைத் திறந்து, படத்தைக் கையால் மறைத்து, மூன்று வரி படிக்கச் சொல்லிக் கேளுங்கள். படித்த பிறகு "என்ன நடந்தது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். தினமும் பத்து நிமிடம் போதும்.

இரண்டாவது, நமக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் இதைச் செய்யலாம். பிள்ளை தயங்கித் தயங்கிப் படிக்கிறதா, தொடர்ந்து படிக்கிறதா என்று காது சொல்லிவிடும். கடைப் பலகை, பேருந்துப் பெயர்ப் பலகை, கல்யாணப் பத்திரிகை எதையாவது காட்டிப் படிக்கச் சொல்லலாம்.

மூன்றாவது, ஆசிரியரைப் பார்த்து இரண்டே கேள்வி கேளுங்கள்: "என் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது? வீட்டில் நாங்கள் எதைப் பழக்க வேண்டும்?" மார்க்கைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

நான்காவது, பள்ளி மேலாண்மைக் குழுவில் பங்கெடுங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். நம் தாய்மார்கள் அங்கே போய் உட்கார்ந்து பேசுவது சட்டம் தந்த உரிமை.

ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளும் நம்மில் பல. வாப்பா போனில் பேசும்போது "நல்லாப் படிக்கிறியா?" என்று கேட்டால் "ம்" என்ற பதில்தான் வரும். அதற்குப் பதிலாக "இன்று படித்த பக்கத்தை எனக்குப் படித்துக் காட்டு" என்று கேட்கட்டும். ஐந்து நிமிடம் பொறுமையாகக் கேட்கட்டும். அனுப்புகிற பொம்மையைவிடப் பிள்ளைக்கு அது பெரிய பரிசு.

இந்த வாரத்திலேயே ஒரு நாள், மஃரிபுக்குப் பின் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பிள்ளையை அருகில் உட்கார வைத்து அந்த மூன்று வரியைக் கேட்டுவிடுங்கள். சரளமாகப் படித்தால் பாராட்டுங்கள். தடுமாறினால் மறுநாள் காலை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். ஜூன் மாதத்தில் தெரிந்துவிட்டால் சரிசெய்ய ஒரு முழு ஆண்டு கையில் இருக்கிறது.