குளோரின் மணமும் மொட்டைமாடித் தாங்கியும்

கேள்வி: எங்கள் தொடர்மாடியில் குழாய்த் தண்ணீர் சில நாள் குளோரின் மணக்கிறது, தண்ணீர் வெட்டு முடிந்து வந்தால் மண்ணிறமாகிறது. கொதிக்க வைக்காமல் குடிக்கலாமா?
— வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: மணத்துக்குப் பயப்படாதீர்கள். குழாய் வழியே வரும் கிருமியைக் கொல்லத்தான் குளோரினைக் கொஞ்சம் மிச்சம் விட்டு அனுப்புகிறார்கள். லீற்றருக்கு 5 மில்லிகிராம் வரை உலக சுகாதார நிறுவனம் ஏற்கிறது. குடத்தில் சில மணிநேரம் வைத்தால் மணம் போய்விடும்.

மண்ணிறம் வேறு கதை. கொழும்பின் சில குழாய்களுக்கு வயது நூறுக்கு மேல். வெட்டுக்குப் பிறகு தண்ணீர் வேகமாகப் பாயும்போது துருவும் படிவும் கிளம்பும். தெளியும்வரை திறந்துவிடுங்கள், அந்தத் தண்ணீர் கக்கூசுக்கு ஆகும்.

எனக்குச் சந்தேகம் உங்கள் மொட்டைமாடித் தாங்கிமேல்தான். களனி கங்கைத் தண்ணீரை அம்பத்தலையில் எவ்வளவு சுத்திகரித்தாலும், மூடி உடைந்த தாங்கியில் காகம் குளித்தால் என்ன பயன்? அதைக் கடைசியாகக் கழுவியது எப்போது என்று பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள், ஒருவருக்கும் தெரியாது. தாங்கிக்குப் போகுமுன் உள்ள குழாயிலும் குசினிக் குழாயிலும் ஒவ்வொரு கண்ணாடித் தம்ளர் பிடித்து ஒப்பிடுங்கள். முதலாவதே கலங்கலாக இருந்தால் நீர்வழங்கல் சபையின் 1939க்கு அழையுங்கள். இரண்டாவது மட்டும் என்றால் தாங்கியைக் கழுவ ஆள் பிடியுங்கள்.

அதுவரை கொதிக்க வைத்தே குடியுங்கள். நன்றாகக் குமிழியிட்டு ஒரு நிமிடம் கொதித்தால் போதும். கிருமி சாகும், துருவோ உப்போ போகாது.