சிறப்பு ஆசிரியர் படிப்பு: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியது



விருத்தாசலத்தில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். அகல் விளக்கு, பொம்மை செய்கிற செராமிக் யூனிட்டுகளில் வேலை பார்ப்பவர்கள்தான் அந்தக் குழுவில் அதிகம். சேமிப்புக் கணக்கு எழுதி முடித்ததும் ஒரு அக்கா பையிலிருந்து ஒரு சான்றிதழை எடுத்துக் காட்டி, "மேடம், இத வச்சி எம் பொண்ணு ஸ்பெஷல் டீச்சர் வேலைக்குப் போலாமா?" என்று கேட்டார். தங்கக் கலரில் முத்திரை, கையெழுத்து, எல்லாம் இருந்தது. ஆர்.சி.ஐ. அனுமதி மட்டும் இல்லை. ஆறு மாதப் படிப்பாம். குழுவில் வாங்கிய உள்கடன் 25,000 ரூபாய் அதற்குத்தான் போயிருக்கிறது.

அந்தப் பெண்ணின் ஆசையில் தப்பே இல்லை. அவள் தம்பிக்குக் காது கேட்காது. வீட்டில் அவனோடு சைகையிலே பேசி, பாடம் சொல்லிக் கொடுப்பது அவள்தான். ஆசையைச் சரியான வழியில் கொண்டுபோக யாரும் சொல்லவில்லை. அதனால் இந்த மாதப் பாடம் இதுதான்.

ஆர்.சி.ஐ. என்பது இந்திய மறுவாழ்வுக் கவுன்சில். 1992-ல் வந்த சட்டப்படி இயங்குகிறது. மாற்றுத்திறன் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தும் சிறப்பு ஆசிரியர் இந்தக் கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்து, அதன் பதிவேட்டில் பெயரைப் பதிந்து எண் வாங்க வேண்டும். பதிவு இல்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. கம்ப்யூட்டர் சென்டர் சான்றிதழ் மாதிரி இதை நினைத்துவிடக் கூடாது.

வழி இரண்டு. பிளஸ் டூ முடித்தவர்கள் இரண்டு வருட டிப்ளமோ படிக்கலாம். பட்டம் முடித்தவர்கள் இரண்டு வருட சிறப்பு பி.எட். படிக்கலாம். இரண்டுக்குமே பொதுவாக 50 சதவீத மதிப்பெண் கேட்பார்கள். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சலுகை உண்டு. சேரும்போதே எந்தக் குறைபாட்டுக்கான ஆசிரியர் என்று முடிவு செய்ய வேண்டும். செவித்திறன் என்றால் ஒரு படிப்பு, பார்வை என்றால் வேறு, அறிவுசார் குறைபாடு என்றால் வேறு. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. அத்தனைக்கும் ஒரே சான்றிதழ் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

என்னதான் சொல்லித் தருகிறார்கள்? பார்வைப் பிரிவில் ஆறு புள்ளி பிரெய்ல் எழுத்து. செவித்திறன் பிரிவில் காது எவ்வளவு கேட்கிறது என்ற அளவைப் படிப்பது, காது மெஷினைக் கவனிப்பது, பேச்சுப் பயிற்சி, சைகை மொழி. அறிவுசார் பிரிவில் ஒரு வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கற்றுத் தருவது. நம் செராமிக் வேலைக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். அச்சில் களிக்குழம்பு ஊற்றணும், கொஞ்ச நேரம் விடணும், மிச்சத்தை வடிக்கணும், இறுகின பிறகு அச்சைப் பிரிக்கணும், காயணும், அப்புறம்தான் சூளை. ஒரு படி தாண்டினாலும் பொம்மை உடைஞ்சிடும். கை கழுவுவதையும் அப்படித்தான் ஒரு குழந்தைக்குச் சொல்லித் தர வேண்டும்: குழாயைத் திற, கையை நனை, சோப்பு எடு... ஒரு படி கைவந்த பிறகே அடுத்த படி. ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாகத் திட்டம் எழுத வேண்டும். ஆறு மாதத்தில் இது வராது.

"பி.ஏ. படிச்சி என்ன ஆகப் போகுது?" என்று நம் வீடுகளில் கேட்கிறோம். சிறப்பு பி.எட். சேர அந்தப் பட்டம்தானே வேண்டும்! அதிலும் தமிழ், ஆங்கிலம், வரலாறு, கணிதம் மாதிரி பள்ளியில் நடத்துகிற பாடமாக எடுத்தால் பின்னால் சிக்கல் இல்லை. நம் ஊரிலேயே திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அரசுக் கல்லூரி என்பதால் செலவு குறைவு. ஹாஸ்டல் செலவும் மிச்சம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் இது. பிளஸ் டூ ரிசல்ட்டை ஒட்டி இணையத்தில் விண்ணப்பம் போட வேண்டும். கடைசி நாளை விட்டுவிடாதீர்கள்.

சிறப்புப் படிப்புக்குத்தான் வெளியூர் போக வேண்டியிருக்கும். சென்னை அருகே முட்டுக்காட்டில் மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. கோவையில் அவினாசிலிங்கம் நிறுவனமும் ராமகிருஷ்ண மிஷனும் இந்தத் துறையில் பேர் பெற்றவை. எங்கே சேர்ந்தாலும் அனுமதி அந்த நிறுவனத்துக்கு, அந்தப் படிப்புக்கு, குறிப்பிட்ட வருடங்களுக்கு மட்டும்தான். பக்கத்துப் படிப்புக்கு அனுமதி இருக்கிறது என்பது நம் படிப்புக்கு ஆகாது. ஆர்.சி.ஐ. இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. பெயர், படிப்பு, வருடம் மூன்றும் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே பணம்.

வேலை கிடைக்குமா என்று கேட்பீர்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நம் மாநிலத்தில் வட்டார வள மையங்களில் வேலை பார்க்கும் சிறப்பாசிரியர்கள் பல வருடம் தொகுப்பூதியத்திலேயே இருந்திருக்கிறார்கள். பொதுப் பள்ளிகளில் நிரந்தரச் சிறப்பாசிரியர் பணியிடம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் சொன்னது. எத்தனை இடம் என்று மாநிலங்கள் அறிவிக்க வேண்டும் என்று 2025 மார்ச்சில் மறுபடி உத்தரவிட்டது. தேவை இருக்கிறது, உத்தரவும் இருக்கிறது. பதிவு எண் இல்லாதவருக்கு அந்த வரிசையில் நிற்கவே இடமில்லை.

அந்த அக்காவின் பெண் இப்போது பி.ஏ. தமிழ் சேர விண்ணப்பம் போட்டிருக்கிறாள். கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. கடனில் இன்னும் பதினொரு தவணை பாக்கி. அந்தக் குழு ஒரு தீர்மானம் எழுதியது: இனிமேல் படிப்புக்கு உள்கடன் கேட்பவர் அனுமதிப் பக்கத்தின் நகலை மனுவோடு வைக்க வேண்டும். மற்ற குழுக்களும் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசிப் பாருங்கள். இணையத்தில் பார்க்கத் தெரியாதவர்கள் படிப்பின் பெயரை எழுதிக்கொண்டு கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வாங்க, சேர்ந்து பார்த்துடலாம்.