மதில் முட்டும் மூலையில் ஓதம்

கேள்வி: குன்னம் பக்கம் எட்டு வருடத்துக்கு முன் வீடு கட்டினோம். கிழக்குக் காம்பவுண்ட் சுவர், படுக்கையறைச் சுவரில் வந்து முட்டுகிறது. அந்த மூலையில் மட்டும் உள்பக்கம் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி, பெயிண்ட் பொரிந்து மாவாக உதிர்கிறது. இரண்டு தடவை சுரண்டி, பட்டி வைத்து, வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தும் ஒவ்வொரு கார்த்திகையிலும் திரும்பி வந்துவிடுகிறது. மதிலோரம் செம்பருத்தியும் மல்லியும் வைத்திருக்கிறோம். குழந்தை படுக்கும் அறை. என்ன செய்யலாம்?

— வாசகி, பெரம்பலூர் மாவட்டம்

பதில்: மூன்றாவது தடவை பெயிண்ட் வாங்கிவிடாதீர்கள் அம்மா. கோளாறு உங்கள் அறைக்குள் இல்லை, மதிலில் இருக்கிறது.

உங்கள் பக்கம் பெரும்பாலும் கரிசல் மண். மழையில் உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். வீட்டுக்கு ஐந்தடி, ஆறடி தோண்டி அஸ்திவாரம் போடுகிறவர்கள், காம்பவுண்டுக்கு ஒன்றரை அடி போதும் என்று முடித்துவிடுகிறார்கள். மேல்மண் உப்பி இறங்கும்போதெல்லாம் மதிலும் கூடவே ஏறி இறங்கும்; வீடு அந்த அளவுக்கு அசையாது. இரண்டையும் சேர்த்துப் பூசிய மூலையை வெளியே போய்ப் பாருங்கள். மேலிருந்து கீழாக நூல் பிடித்தாற்போல ஒரு விரிசல் இருக்கும். மதில் தலையில் விழும் மழைக்கு அதுதான் வழி.

மழை நின்ற பிறகும் ஈரம் வருவதற்கு வேறு காரணம். வீட்டுச் சுவருக்குப் பேஸ்மட்டத்தில் ஓதத்தடுப்பு போட்டிருப்பார்கள். மதிலுக்கு யாரும் போடுவதில்லை. மண்ணில் நின்று நீரை உறிஞ்சும் மதில், அந்தத் தடுப்புக்கு மேலே உங்கள் வீட்டுச் செங்கலை ஒட்டி நிற்கிறது. செம்பருத்திக்கு நீங்கள் தினமும் ஊற்றும் தண்ணீரும் அந்த வழியாகத்தான் சுவருக்குள் போகிறது.

உதிரும் வெள்ளை மாவு, உப்பு. உங்கள் மாவட்டத்துக் காரை கிராமத்து ஓடைகளில் களிமண்ணுக்கு நடுவே ஜிப்சம் கீற்றுக் கீற்றாக மின்னுவதைப் பார்க்கலாம்; ஒரு காலத்தில் கடலடியாக இருந்த பூமி அது. மண்ணிலும் செங்கல்லிலும் இருக்கும் உப்பு நீரோடு ஏறிவந்து, ஈரம் காய்ந்ததும் பெயிண்டுக்கு அடியில் படிகமாகி அதைத் தள்ளுகிறது. எந்த கம்பெனி பெயிண்டும் இதற்குத் தாங்காது.

மதிலை வீட்டிலிருந்து பிரித்துவிடுங்கள். கடைசி இரண்டு அங்குலத்தை மெஷின் வைத்து, தலையிலிருந்து அஸ்திவாரம் வரை அறுத்து எடுக்க வேண்டும். தரைமட்டத்தோடு நிறுத்தினால் வேலை வீண். மதில் தனியே நிற்காது என்று மேஸ்திரி சொன்னால், அதன் முனையில் சொந்த அஸ்திவாரத்தோடு ஒரு தூண் எழுப்பச் சொல்லுங்கள். இடைவெளியைச் சிமென்ட் வைத்து அடைக்கக் கூடாது. பூரான், பாம்புக்குப் பயமென்றால் அலுமினியத் தகடு ஒன்றை வீட்டுப் பக்கம் மட்டும் ஸ்குரூ போட்டு மூடுங்கள்; மதில் பக்கம் அது சும்மா தொட்டுக்கொண்டிருக்கட்டும். மதில் தலையையும் தண்ணீர் நிற்காதபடி சரிவாகப் பூசிவிடுங்கள்.

செடிகளை இரண்டடி தள்ளி வையுங்கள். சுவரோரம் குவிந்த மண்ணைப் பேஸ்மட்டத்துக்கு அரை அடி கீழே போகும்வரை அள்ளிவிட்டு, தண்ணீர் வெளியே ஓட வாட்டம் கொடுங்கள்.

உள்ளே, ஈரம் தெரியும் உயரத்துக்கு மேல் ஒன்றரை அடி வரை பூச்சைக் கொத்தி எடுத்து, உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். கழுவினால் உப்பு திரும்பச் செங்கல்லுக்குள் போய்விடும். சித்திரை, வைகாசி வெயில் முழுக்கச் சுவர் திறந்தே கிடக்கட்டும். பிறகு சுண்ணாம்புப் பூச்சுதான் என் சிபாரிசு. உள்ளே மிச்சமிருக்கும் ஈரத்தை வெளியே விடும். அரியலூரைச் சுற்றி இத்தனை சுண்ணாம்புக்கல் இருந்தும், அந்தப் பூச்சு தெரிந்த கொத்தனாரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தேடுங்கள். பட்டியும் டைல்ஸும் அங்கே வேண்டாம்; முதல் வருடம் வெள்ளை அடித்தால் போதும்.

பங்குனியில் அறுத்தால் ஆவணிக்குள் பூச்சு முடியும், ஐப்பசி மழைக்கு முன் சுவர் தயார். அதுவரை குழந்தையின் கட்டிலை அந்த மூலையை விட்டுத் தள்ளிப் போடுங்கள்.