பட்டை கறுத்தால் போதுமா?

அந்த வெஸ்டர்ன் பிளாட்டைப் பார்த்ததும் துள்ளிக் குதித்தேன். எச்ஈகே செல்களில் எல்கேபி1 என்ற கைனேஸை, அதாவது பாஸ்பேட் ஏற்றும் நொதியை, கூடுதலாக உண்டாக்கியிருந்தேன். ஏஎம்பிகே புரதத்தின் 172-ஆவது இடத்தில் இருக்கும் திரியோனினில் பாஸ்பேட் ஏறினால் மட்டும் தெரியும் பட்டை, கன்னங்கரேலென்று வந்திருந்தது. "இதுதான் அதைக் கிளப்புது அக்கா, முடிஞ்சுது!" என்றேன் ஆய்வகத்து சீனியரிடம். அவர் கன்ட்ரோல் பக்கம் விரலை வைத்தார். "ஒண்ணுமே போடாத செல்லிலயும் பாதிக் கறுப்பு இருக்கே, அது யார் வேலை?"

என் வேலைதான். செல்லில் ஏடிபி குறைந்து ஏஎம்பி கூடினால் விழித்துக்கொள்ளும் புரதம் ஏஎம்பிகே. நானோ செல்களை டிரிப்சின் போட்டுப் பிரித்து, கழுவி, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, ஆற அமர உடைத்திருந்தேன். அந்த அவஸ்தையே போதும், பாஸ்பேட் ஏறிவிடும். இப்போதெல்லாம் தட்டை ஐஸில் வைத்து, மீடியத்தை உறிஞ்சி எடுத்த கையோடு குளிர்ந்த பஃபரை ஊற்றிச் சுரண்டிவிடுகிறேன். பஃபரில் சோடியம் ஃப்ளோரைடும் பைரோபாஸ்பேட்டும் இருக்க வேண்டும்; இல்லையென்றால் ஏறிய பாஸ்பேட்டைச் செல்லின் பாஸ்படேஸ்களே கழற்றிவிடும். நெரிசலாக வளர்ந்து குளுக்கோஸைத் தின்று தீர்த்த தட்டுகளையும் நம்புவதில்லை.

எச்ஈகேயில் எல்கேபி1 ஏற்கெனவே உண்டு. இருக்கிற வீட்டில் இன்னொரு மூட்டையை இறக்கிவிட்டு 'இதனால்தான்' என்று எப்படிச் சொல்வது? அக்கா ஹீலா செல்லுக்கு மாறச் சொன்னார். ஹீலாவில் எல்கேபி1 கிடையாது. 2003-இல் எல்கேபி1-ஐ ஏஎம்பிகேயின் மேல்நிலைக் கைனேஸ் என்று காட்டிய டண்டீ ஆய்வாளர்களும் இந்தக் குறையைத்தான் பயன்படுத்திக்கொண்டார்கள். வழக்கமாக ஏஎம்பிகேயைக் கிளப்பும் ஃபென்ஃபார்மின் கொடுத்தாலும் ஹீலாவில் அது அசையவில்லை. எல்கேபி1-ஐத் திரும்பக் கொடுத்ததும் அசைந்தது. செயலிழந்த எல்கேபி1-ஐக் கொடுத்தபோது அசையவில்லை. இந்தக் கடைசி கன்ட்ரோல் இல்லாத பிளாட்டை நான் இப்போது ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. புரதம் அங்கே இருப்பது வேறு, அதன் நொதி வேலை வேறு. இன்னொன்று: எல்கேபி1 தனியாக வேலைக்கு ஆகாது, ஸ்ட்ராட், எம்ஓ25 என்ற இரண்டு துணைப் புரதங்களும் கூடவே வேண்டும்.

ஹீலாவும் முழு வெற்றிடமில்லை. அயனோமைசின் கொடுத்துக் கால்சியத்தை ஏற்றினால், காம்கேகே2 என்ற வேறொரு கைனேஸ் அதே திரியோனினில் பாஸ்பேட் வைக்கும். எந்தக் கை வைத்தது என்று பட்டையைக் காட்டும் ஆன்டிபாடிக்குத் தெரியாது. எல்கேபி1 நேரடியாகத்தான் வைக்கிறதா என்பதற்கு, துணைப் புரதங்களோடு சுத்திகரித்த எல்கேபி1-ஐயும் சுத்திகரித்த ஏஎம்பிகேயையும் ஏடிபி, மெக்னீசியத்தோடு குழாயில் கலந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இத்தனைக்குப் பிறகும் பாஸ்பேட் ஏறியதைத்தான் காட்டியிருக்கிறோம். ஏஎம்பிகே வேலை செய்ததை அல்ல. அதற்கு அதன் இலக்கான ஏசிசி புரதத்தில் 79-ஆவது செரினைப் பார்க்க வேண்டும். அந்தத் திரியோனினை அலனினாக மாற்றிய ஏஎம்பிகேயோடும் ஒப்பிட வேண்டும்.

ஏசிசி பட்டை எனக்கு ஒரு வாரம் வரவே இல்லை. ஏஎம்பிகே வேலை செய்யவில்லை என்று நோட்டில் எழுதியும் விட்டேன். அக்கா ஜெல்லைக் கேட்டார். "பத்து சதவீதம்" என்றேன். ஏசிசி 265 கிலோடால்டனுக்குக் குறையாத பூதம். அந்த ஜெல்லின் மேல் விளிம்பை விட்டே அது நகர்ந்திருக்கவில்லை. ஆறு சதவீத ஜெல்லில் ஓட்டி, குளிர் அறையில் இரவு முழுக்க டிரான்ஸ்ஃபர் செய்ததும் வந்தது.