வருஷப் பிறப்புச் சங்கற்பம் நிலைப்பது எவ்வாறு?

வருஷம் பிறக்குந்தோறும் நம்மில் அநேகர் ஏதேனும் ஒரு சங்கற்பம் செய்துகொள்ளுகிறோம். பீடியை விட்டொழிப்பேன், மதுவைத் தொடேன், மாதந்தோறும் இவ்வளவு சேமிப்பேன் என்று உறுதி கூறுகிறோம். பொங்கல் கழிவதற்குள் அவற்றுள் பெரும்பகுதி மறைந்துபோகிறது. மனவுறுதி இல்லாமையே காரணமென்று நம்மை நாமே நிந்தித்துக்கொள்ளுகிறோம். கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைப் பல வருஷமாகப் பார்த்துவரும் எனக்கு வேறு காரணங்கள் தோன்றுகின்றன. சங்கற்பம் அளவுக்கு மிஞ்சிப் பெரிதாயிருக்கிறது. அதை நிறைவேற்றும் நாளும் இடமும் குறிக்கப்படுவதில்லை. ஒரு முறை தவறினால் என்ன செய்வது என்பதும் யோசிக்கப்படுவதில்லை. இம்மூன்றையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

ஓர் அங்கத்தினரின் அனுபவம்

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலே ஒரு பட்டறையில் வாரக்கூலிக்கு வேலை செய்யும் அங்கத்தினர் ஒருவரை நான் அறிவேன். அருகிலுள்ள கிராமத்தினின்றும் சைக்கிளில் வந்து போகிறவர். ஒரு ஜனவரி முதல் தேதியன்று, மதுவையும் பீடியையும் ஒருங்கே விடுவதாகவும், மாதம் 2,000 ரூபாய் சங்கத்தில் கட்டுவதாகவும் மனைவி மக்கள் முன்னிலையில் சத்தியம் செய்தார். பதினைந்தாம் நாள் சத்தியம் முறிந்தது. முறிந்ததால் வந்த நஷ்டம் சொற்பமே. ஆனால் வெட்கத்தினால் அவர் சங்கத்தின் வாயிலை மிதிப்பதையே நிறுத்திவிட்டார். கடன் தவணைகள் நின்றன, வட்டி ஏறிற்று, மனைவியின் சங்கிலி அடகுக்குப் போயிற்று.

அடுத்த வருஷம் அவருக்கு ஒரு யோசனை கூறப்பட்டது. சனிக்கிழமை மாலை கூலி கைக்கு வந்தவுடன், வேறெங்கும் செல்லாமல், சங்கத்துக்கு வந்து 50 ரூபாய் மட்டும் கட்டிவிட்டு வீடு செல்வது என்பதே அது. மதுவைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கப்படவில்லை. 52 வாரங்களில் நான்கு வாரம் தவறினார். தவறியபோதெல்லாம் அடுத்த சனிக்கிழமை வந்து சேர்ந்தார். வருஷ முடிவில் பாஸ் புத்தகத்தில் 2,400 ரூபாய் இருந்தது. தொகை பெரிதன்று. ஆயினும் சனிக்கிழமை மாலையில் அவர் கால் செல்லும் வழி மாறிற்று. மதுக்கடைக்குப் போகும் நாள்கள் தாமாகவே குறைந்தன. மறு வருஷம் வாரம் 100 ரூபாயாக உயர்த்தினார். மூன்றாம் வருஷத்தில் சங்கிலி வீடு திரும்பிற்று.

ராச்டேல் தொழிலாளர் காட்டிய வழி

கூட்டுறவு இயக்கமே இவ்வாறு பிறந்ததுதான். இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் கம்பளி நெசவாளரும் பிற தொழிலாளருமாக 28 பேர், 1844ஆம் வருஷத்தில் ஒரு சங்கம் அமைத்தனர். கூலி உயர்வு கேட்டுத் தோல்வியுற்றுக் கடைக்காரர்களிடம் கடன்பட்டிருந்த காலம் அது. ஆளுக்கு ஒரு பவுன் சேர்ப்பதே அவர்கள் நோக்கம். ஒரே முறையில் கொடுக்க எவராலும் இயலவில்லை. ஆகையால் வாரம் இரண்டு பென்னி, பிறகு மூன்று பென்னி எனக் கொடுத்துவந்தனர். ஊரை மூன்று பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு ஒருவர் வீதம் வீடு வீடாகச் சென்று பணத்தை வசூலித்தனர்.

1844 டிசம்பர் 21ஆம் தேதி மாலை அவர்கள் கடை திறந்தபோது அதில் இருந்தவை கொஞ்சம் மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் போன்ற சில சரக்குகளே. தெருப் பிள்ளைகள் கூடி நகைத்தனர். முதலில் வாரத்தில் இரண்டு மாலைகளில் மட்டுமே கடை திறந்திருந்தது. ஆயினும் 1845 முடிவில் அங்கத்தினர் 74 பேர். 1850இல் 600 பேர். ராச்டேல் முறையைப் பின்பற்றியே 1904இல் சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று.

அந்த 28 பேரும் ஏழைகளே. பென்னி சிறிதாயிருந்ததால் கொடுக்க முடிந்தது. வசூலிப்பவர் தவறாது வந்ததால் மறக்க முடியவில்லை. எல்லோரும் கொடுத்ததால் ஒருவர் மட்டும் பின்வாங்க மனம் வரவில்லை.

வழக்கம் வேரூன்ற எத்தனை நாள்?

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆராய்ச்சியாளர் 96 பேரை 12 வாரம் கவனித்து, 2010இல் ஒரு முடிவை வெளியிட்டனர். காலையுணவுக்குப் பின் ஒரு குவளை தண்ணீர் அருந்துதல் போன்ற ஒரு செயலை ஒவ்வொருவரும் தாமே தேர்ந்துகொண்டு நாள்தோறும் செய்துவந்தனர். யோசியாமலே செய்யும் வழக்கமாக அது மாறுவதற்கு நடுத்தரமாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாளே போதுமாயிருந்தது. சிலருக்கு 254 நாள் வரை ஆகுமென்று கணக்கிடப்பட்டது. எளிய செயல் விரைவிலும், தேகப்பயிற்சி போன்ற கடின செயல் தாமதித்தும் படிந்தன. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரும் பாதகம் விளையவில்லை.

இக்கணக்கின்படி ஜனவரி முதல் தேதி தொடங்கியவர் மார்ச் முதல் வாரம் வரையேனும் பொறுத்திருக்க வேண்டும். பொங்கலன்று கைவிடுகிறவர் கால்வாசி வழிகூட நடக்கவில்லை.

கைக்கொள்ள வேண்டிய முறை

1. ஒரு காலத்தில் ஒரு மாற்றத்தையே மேற்கொள்க. அது வேரூன்றிய பின் அடுத்ததைத் தொடங்குக.

2. மிகக் கஷ்டமான வாரத்திலும் செய்யக்கூடிய அளவைக் குறித்துக்கொள்க. கூட்டுவது பின்னர் எளிது.

3. ஏற்கெனவே நடந்துவரும் ஒரு காரியத்தோடு அதை இணைத்துவிடுக. கூலி வாங்கும் நேரம், பால் ஊற்றும் நேரம், உலை வைக்கும் நேரம் ஆகியவை தகுந்தவை. உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கும் நம் தாய்மாரின் வழக்கம் இதற்கு நல்ல உதாரணம்.

4. செய்ததை அன்றே எழுதிவைக்க, செய்யாததையும் எழுதுக.

5. ஒரு முறை தவறினால் அடுத்த முறை தவறாதிருக்க. தவறிய தொகையையும் சேர்த்துக் கட்ட வேண்டுமென்று உம்மை நீரே வருத்திக்கொள்ளற்க.

ஒரு விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். நெடுங்காலம் மிகுதியாக மது அருந்தியவர் வைத்தியர் ஆலோசனையின்றித் திடீரென நிறுத்துவது உயிருக்கே அபாயமாகலாம். அத்தகையவரை முதலில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்க.

மாதக் கூட்டத்தில் ஆலோசிக்க

சென்ற வருஷம் நீங்கள் செய்த சங்கற்பம் எந்த வாரத்தில் நின்றது? அப்போது அளவு பெரிதாயிருந்ததா, நாள் குறிக்கப்படவில்லையா? தவணை தவறியதால் வெட்கமுற்று வராதிருக்கும் அங்கத்தினர் உங்கள் சங்கத்தில் எத்தனை பேர்? அவர்கள் வீட்டுக்குச் சென்று அழைக்கப்போகிறவர் யார், எந்த நாளில்?

கடைசிக் கேள்விக்கு விடையாக ஒரு பெயரையும் ஒரு தேதியையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பின்பே கூட்டத்தை முடிக்க வேண்டுகிறேன்.