எதிரே வரும் விமானத்துக்கு இடது எது?



ரேடியோவால் இயக்கும் மாதிரி விமானத்தில் பொம்மை என்று சொல்லத்தக்கது அதன் அளவு மட்டும்தான். ஒரு மீட்டர் ஃபோம் இறக்கையைத் தாங்குவதும் பயணிகள் விமானத்தைத் தாங்குவதும் ஒரே காற்று, ஒரே விதி. வேறுபாடு ஒன்று உண்டு: ஓட்டுபவர் உள்ளே இல்லை, தரையில் நிற்கிறார். விமானம் சாய்வது அவர் உடம்புக்குத் தெரியாது. வேகமானி கிடையாது, உயரமானி கிடையாது. கண் ஒன்றுதான் கருவி. புதிதாகப் பழகுபவருக்கு வரும் தொல்லைகளில் பாதிக்கு மேல் இங்கிருந்தே பிறக்கின்றன.

இந்தக் கலை 1937இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்கியது என்று சொல்லலாம். வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் 'கஃப்' என்ற மாதிரி விமானத்தை அந்த ஆண்டு ரேடியோவால் இயக்கினார்கள். அது இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் பின் வெகுகாலம் ஒரே மைதானத்தில் இருவர் ஒரே அலைவரிசையில் தங்கள் கையிலுள்ள டிரான்ஸ்மிட்டரைப் போட்டால் விமானம் விழுந்தது என்றே வைத்துக்கொள்ளலாம். இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளில், விமானத்திலுள்ள ரிசீவர் தன் ஜோடி டிரான்ஸ்மிட்டரின் சொல்லை மட்டுமே கேட்கும். அந்தக் கவலை தீர்ந்தது. மற்ற கவலைகள் அப்படியே இருக்கின்றன.

கடைக் கண்ணாடிக்குள் மின்னும் போர் விமான மாதிரியில் ஆசை வைப்பதுதான் பலருடைய முதல் தவறு. அது வேகமாகப் பறக்கும், சாய்த்தால் சாய்ந்தபடியே நிற்கும். பழகுவதற்கு ஏற்றது, இறக்கை உடலுக்கு மேலே அமைந்து, இரு முனைகளும் சற்று மேல்நோக்கி வளைந்த மெதுவான விமானம். அந்த வளைவு அழகுக்கு அல்ல. விமானம் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கமாகவே சறுக்கும். சறுக்கும்போது தாழ்ந்த இறக்கையில் காற்று கூடுதல் கோணத்தில் மோதி அதை மேலே தள்ளும். கையை எடுத்தாலே விமானம் பெரும்பாலும் தானாக நிமிரும். ஜெர்மனியின் மல்டிபிளெக்ஸ் நிறுவனம் செய்த 'ஈஸிஸ்டார்' இந்த இனத்துக்கு நல்ல மாதிரி. இறக்கையின் நீளம் சுமார் 1.37 மீட்டர். மோட்டாரும் புரொப்பல்லரும் மூக்கில் இல்லாமல் இறக்கைக்குப் பின்னால், முதுகின் மேல் இருக்கும். மூக்கு மண்ணில் குத்தினாலும் விலை உயர்ந்த பாகங்கள் தப்பும்.

டிரான்ஸ்மிட்டரில் இரண்டு ஸ்டிக்குகள். இந்தியாவில் பெரும்பாலோர் பயன்படுத்தும் 'மோட் 2' அமைப்பில் இடது ஸ்டிக்கை மேலே தள்ளினால் மோட்டார் வேகம் (த்ராட்டில்) கூடும், பக்கவாட்டில் நகர்த்தினால் வாலில் உள்ள ரட்டர் திரும்பும். வலது ஸ்டிக்கைத் தன் பக்கம் இழுத்தால் வாலின் கிடைமட்ட மடலான எலிவேட்டர் மேலே எழுந்து மூக்கு உயரும். பக்கவாட்டில் நகர்த்தினால் இறக்கையின் மடல்களான எய்லரான்கள் விமானத்தைச் சாய்க்கும். எய்லரான் இல்லாத மூன்று சேனல் விமானங்களில் ரட்டரை வலது ஸ்டிக்குக்கே கொடுத்துவிடுவது வழக்கம். எய்லரானும் சேர்ந்த நான்கு சேனலுக்கு மாறும்போது விரல் பழக்கம் வீணாகாது.

பறக்கும் முன் செய்யும் சோதனைகளில் தவிர்க்கவே முடியாதது எடை சமநிலை. பேட்டரியை அதன் இடத்தில் வைத்து, இரண்டு ஆட்காட்டி விரல்களையும் இறக்கைகளின் அடியில் கொடுத்து, விமானத்தை மெல்லத் தூக்க வேண்டும். விரல் நிற்க வேண்டிய இடம், இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவே, 20 செ.மீ. அகலமுள்ள இறக்கையில் ஏறக்குறைய 5 முதல் 6.5 செ.மீ. விரல் நுனியில் விமானம் மட்டமாகவோ மூக்கு ஒரு நூல் தாழ்ந்தோ நின்றால் சரி. வால் தொங்கினால் பேட்டரியை முன்னே நகர்த்த வேண்டும். மூக்கு கனத்த விமானம் மந்தமாகப் பறக்கும்; வால் கனத்தது ஒரே ஒரு முறை பறக்கும் என்று இத்துறையில் வேடிக்கையாகச் சொல்வார்கள். வேடிக்கையில் உண்மையே அதிகம்.

லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிக்குத் தனி மரியாதை தேவை. ஒரு செல்லின் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட், நிறைவில் 4.2. மூன்று செல் பேட்டரி நிறைந்தால் 12.6 வோல்ட். 2200 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 2.2 ஆம்பியரில் சார்ஜ் ஏற்றுவது பாதுகாப்பு. செல்களைச் சமன் செய்யும் சார்ஜர் வேண்டும், சிமென்ட் தரை வேண்டும், பக்கத்தில் ஆள் வேண்டும். மெத்தை மேல் வைத்து சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப்போவது வீட்டுக்கே தீ வைக்கும் வேலை. உப்பிய பேட்டரியை மீண்டும் பயன்படுத்தக் கூடாது.

இடமும் நேரமும் பாதி வெற்றி. கோடையில் வற்றிய ஏரிப் படுகையோ அறுவடை முடிந்த வயலோ நல்லது. பம்ப்செட்டுக்குப் போகும் மின்கம்பி ஒன்று குறுக்கே ஓடினாலும் அந்த இடம் வேண்டாம். சூரியன் எழுந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரம் காற்று உறங்கும். வெயில் ஏறியதும் நிலம் சூடாகிக் காற்றுக் குமிழ்கள் எழும்பும். பருந்து இறக்கை அடிக்காமல் வட்டமிட்டு மேலே போவதைக் கண்டால் அங்கே அது நடக்கிறது என்று பொருள். பருந்துக்கு அது படிக்கட்டு, பழகுபவருக்கு மேடுபள்ளம். கடலோரத்தில் பிற்பகலில் கடற்காற்றும் சேர்ந்துகொள்ளும். பாலக்காட்டுக் கணவாயின் காற்று வீசும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ஆடி மாதத்தில் பழகத் தொடங்காமல் இருப்பதே புத்தி.

சட்டமும் உண்டு. 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் இறக்கை வைத்த ஆளில்லா விமானங்களையும் உள்ளடக்கியவை. அவற்றின்படி பச்சை மண்டலம் என்று குறித்த பகுதியில் 400 அடி வரையிலும், விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் 200 அடி வரையிலும் அனுமதி. ஓர் ஊர் எந்த மண்டலத்தில் வருகிறது என்பதை டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மைதானத்துக்குப் போகும் முன் கணினி சிமுலேட்டரில் பத்து மணி நேரம் செலவிட்டால் உண்மையான விமானங்கள் இரண்டேனும் உடையாமல் மிஞ்சும். செல்பேசித் திரையைத் தேய்ப்பதைவிட, சொந்த டிரான்ஸ்மிட்டரையே கணினியில் இணைத்துப் பழகுவது மேல்; ஸ்டிக்கின் அழுத்தம் விரலுக்குப் பழகும். அனுபவம் உள்ளவர் கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டு டிரான்ஸ்மிட்டர்களை இணைத்து, ஆசிரியர் ஒரு சுவிட்சை அழுத்தியிருக்கும் வரை மாணவர் ஓட்டுவார். சுவிட்சை விட்டதும் விமானம் ஆசிரியர் கைக்கு வந்துவிடும்.

மைதானத்தில் வரிசை மாறக் கூடாது. த்ராட்டில் முழுக்கக் கீழே. முதலில் டிரான்ஸ்மிட்டர், பிறகு விமானத்தின் பேட்டரி. அணைக்கும்போது நேர்மாறாக. விமானத்தின் பின்னால் நின்று அந்தந்த ஸ்டிக்கை வலப்பக்கம் நகர்த்தினால் வலது எய்லரான் மேலே எழ வேண்டும், ரட்டர் வலப்பக்கம் திரும்ப வேண்டும். இது தலைகீழாக இருப்பது தெரியாமல் எறியப்பட்ட விமானத்தின் ஆயுள் மூன்று விநாடி. எறிவது எப்போதும் காற்றை எதிர்த்து. வானத்தை நோக்கி அல்ல, ஈட்டி போல மட்டமாக. மோட்டார் முதுகில் உள்ள விமானத்தில் த்ராட்டிலைச் சட்டென்று ஏற்றினால் மூக்கு கீழே அமுங்கும், அதையும் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

முதல் வேலை உயரம் சேர்ப்பது. மூன்று தவறு செய்து திருத்திக்கொள்ள இடமுள்ள உயரம் என்பது மாதிரி விமானிகளின் கணக்கு. இரண்டு மூன்று தென்னை உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே த்ராட்டிலைப் பாதிக்குக் குறைத்து, ஸ்டிக்கை விட்டுப் பார்க்க வேண்டும். விமானம் ஒரு பக்கமே இழுத்தால் டிரிம் பொத்தானால் சரிசெய்ய வேண்டும். திருப்பத்துக்குச் சிறிது சாய்த்து, ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவந்து, எலிவேட்டரைச் சற்றே இழுத்தால் போதும். சாய்ந்த இறக்கையின் தூக்குவிசையில் ஒரு பங்கு பக்கவாட்டில் போய்விடுவதால் மூக்கு இறங்கும். அந்தச் சிறு இழுப்பு அதற்கு ஈடு. புதியவரின் விரல் எப்போதும் தேவைக்கு மேல் தள்ளும், பிறகு அதைத் திருத்த எதிர்ப்பக்கம் இன்னும் தள்ளும்.

இனி வருவதுதான் முக்கியக் கண்டம். விமானம் விலகிப் போகும்போது அதன் வலமும் ஓட்டுபவரின் வலமும் ஒன்று. திரும்பி எதிரே வரும்போது இரண்டும் மாறிவிடும். மூளைக்கு இது தெரியும், கட்டைவிரலுக்குத் தெரியாது. தாழ்ந்த இறக்கையை நிமிர்த்துவதாக நினைத்து இன்னும் தாழ்த்தி, அது மேலும் சாய, பயத்தில் இன்னும் தள்ளி, விமானம் சுழன்றபடி வரப்பில் விழுவது நூற்றுக்கணக்கான முதல் பறத்தல்களின் கதை. இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. விமானம் எதிரே வரும்போது வலம் இடம் என்று யோசிக்கவே கூடாது. கண்ணுக்கு எந்தப் பக்க இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ள வேண்டும். சாயும் வாழைக்குச் சாயும் பக்கத்தில் முட்டுக் கொடுப்பது போலத்தான். மைதானத்தின் மேல் கிடையாக எட்டுப் போட்டுப் பழகினால் சில வாரங்களில் விரலே முந்திக்கொள்ளும்.

அடுத்த பொறி காற்று. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம், 10 கிலோமீட்டர் காற்றை எதிர்க்கும்போது தரைக்கு மேல் 20இல் நகரும். காற்றோடு போகும்போது 40இல் பாயும். பார்ப்பவருக்கு வேகம் மிஞ்சியதாகத் தோன்றும், கை தானாக த்ராட்டிலைக் குறைக்கும். இறக்கைக்குத் தெரிவது எப்போதும் அந்த 30 மட்டுமே. அதைக் குறைத்து, உயரம் போகாமலிருக்க மூக்கையும் தூக்கிப் பிடித்தால், ஒரு கோணத்துக்கு மேல் காற்று இறக்கையின் மேற்பரப்பை விட்டுப் பிரிந்துவிடும். இதுவே ஸ்டால். விமானம் துவண்டு மூக்கைக் கீழே போடும், சில சமயம் ஓர் இறக்கை முதலில் விழும். அப்போது இன்னும் இழுக்கவே மனம் சொல்லும். செய்ய வேண்டியது அதற்கு நேர் எதிர். எலிவேட்டரை விட்டுவிட்டு, த்ராட்டிலைக் கொடுத்து, வேகம் சேர்ந்த பிறகு மெல்ல நிமிர்த்த வேண்டும். உயரம் எதற்கு என்பது அப்போதுதான் விளங்கும்.

டிரான்ஸ்மிட்டரில் 5 நிமிட அலாரம் வைத்து, அது ஒலித்ததும் இறங்கத் தொடங்கலாம். பேட்டரியில் மிச்சம் இருந்தால்தான் தவறிய இறக்கத்தை விட்டு இன்னொரு சுற்று வர முடியும். காற்றை எதிர்த்து, இறக்கைகளை மட்டமாக வைத்து, த்ராட்டிலைக் குறைத்து, விமானம் தானே சரிந்து வர விட வேண்டும். தரை ஒரு மீட்டருக்குள் வந்ததும் எலிவேட்டரை ஒரு துளி இழுத்தால் வயிறு தேய்த்து நிற்கும். காலடியில் இறக்க வேண்டிய அவசியம் இல்லை. நூறு அடி நடப்பது இறக்கையை ஒட்டுவதைவிட எளிது.

ஒட்ட வேண்டி வந்தால், ஈஸிஸ்டார் வகை ஃபோமுக்கு ஃபெவிக்விக் பொருந்தும். தெர்மக்கோல் விமானத்தில் அதை விட்டால் பொருளையே கரைத்துக் குழியாக்கும். நசுங்கிய மூக்கில் கொதிநீர் ஊற்றினால் ஃபோம் ஓரளவு மீண்டும் உப்பி எழும். வீடு திரும்பியதும் மடல்களை அசைக்கும் சர்வோ மோட்டார்களின் கம்பிகளையும் கீல்களையும் ஆட்டிப் பார்த்து, அடுத்த சில நாட்கள் பறக்கப்போவதில்லை என்றால் பேட்டரியைச் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும்.